கச்சேரிக் காதடைப்பான்: எட்டிமோடிக் ஈஆர்20எக்ஸ்எஸ்

சாதாரண நுரை அடைப்பான் உச்ச ஸ்வரங்களை அதிகமாக வெட்டிவிடும். பாட்டு மந்தமாகக் கேட்கும், ஆட்கள் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள். ஈஆர்20எக்ஸ்எஸ்-இல் உள்ள ஃபில்டர் எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் வயலினும் வயலினாகவே கேட்கிறது.

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்குப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். இந்த அடைப்பான் பெட்டியில் போட்டிருக்கும் இரைச்சல் குறைப்பு மதிப்பு 13 டெசிபல். அது முழுதாகக் கிடைத்தால் அதே இடத்தில் சுமார் 5 மணி நேரம் தாங்கும்.

ஆனால் சரியாகப் பொருந்தினால்தான். எதிர்க்கையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து, அடைப்பான் முனையில் உள்ள மூன்று வளையமும் உள்ளே போகும்வரை மெல்லத் திருகுங்கள். பிறகு முனகிப் பாருங்கள்: உங்கள் குரல் தலைக்குள் கும்மென்று ஒலித்தால் அடைப்பு சரி. ஒரு காதில் மட்டும் ஒலித்தால் மற்றதை மறுபடி போடுங்கள். கழற்றும்போது திருகியபடியே மெதுவாக எடுங்கள், வெடுக்கென இழுத்தால் செவிப்பறை வலிக்கும். கச்சேரியில் கூடவே பாடுகிறவர்களுக்குத் தங்கள் குரல் அப்படிக் கும்மென்று ஒலிப்பது தொல்லைதான்.

முனையை மட்டும் கழற்றிச் சோப்பு நீரில் கழுவலாம், ஃபில்டர் நனையக்கூடாது.

சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம், காதை வெளியிலிருந்து மூடும் காதுமூடி வாங்குங்கள். இரைச்சல் தாங்காத ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பலசமயம் அதுவே வசதி. விழா நடத்துபவர்களே, நுழைவாயிலில் காதடைப்பான், பக்கத்திலேயே ஓர் அமைதி அறை: 2022இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தரநிலையில் இரண்டுமே உண்டு.