அறுவையா, ஊசியா, மாத்திரையா: புராஸ்டேட் புற்றுநோயில் ஹார்மோன் சிகிச்சை

புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தீனி, பெரும்பாலும் விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். அந்தத் தீனியை நிறுத்தினால் நோய் அடங்கும் என்று 1941-இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றுள்ள வழிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. வேகமும் பக்கவிளைவும்தான் மாறுகின்றன.

விரைகளை அகற்றும் அறுவையில் டெஸ்டோஸ்டிரோன் சில மணி நேரத்திலேயே சரிந்துவிடும். அதன்பின் ஊசித் தேதியை நினைவு வைக்க வேண்டியதில்லை. ஆனால் போனது போனதுதான், மனதளவில் அது பலருக்குப் பெரிய அடி.

லூப்ரோலைடு, கோசரெலின் ஊசிகள்தான் அதிகம் புழங்குபவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும் என்பது வசதி. சிக்கல் தொடக்கத்தில் இருக்கிறது: முதல் ஓரிரு வாரம் டெஸ்டோஸ்டிரோன் ஏறிவிட்டு, மூன்று நான்கு வாரத்தில்தான் இறங்கும். முதுகெலும்பில் நோய் பரவியவருக்கு அந்த ஏற்றம் வலியைக் கூட்டும், தண்டுவடத்தை அழுத்திக் காலையே முடக்கவும் கூடும். அதனால்தான் டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்யவிடாமல் தடுக்கும் பைகாலுடமைடு மாத்திரையைச் சில வாரம் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

டெகரெலிக்ஸ் ஊசியில் அந்த ஏற்றமே கிடையாது. மூன்று நாளில் இறங்கிவிடும். ஆனால் மாதாமாதம் போட வேண்டும், போட்ட இடம் சிவந்து வீங்கும். முதுகெலும்புச் சிக்கல் உள்ளவருக்கு இதையோ அறுவையையோதான் நான் முதலில் யோசிப்பேன்.

ரெலுகோலிக்ஸ் தினமும் விழுங்கும் மாத்திரை. 2020-இல் வெளியான ஹீரோ ஆய்வில், மருந்தை நிறுத்தி 90 நாளில் 54% பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் இயல்புக்குத் திரும்பியது. லூப்ரோலைடில் 3% பேருக்குத்தான். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் குறைவாக இருந்தன. குறுகிய காலச் சிகிச்சைக்கு இது பெரிய லாபம். மாத்திரையை அடிக்கடி மறப்பவருக்கு ஊசியே மேல்.

சரி, மருந்து கேட்கிறதா என்று எப்படித் தெரியும்? எல்லோரும் பிஎஸ்ஏ-வை, அதாவது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். ஒருவருடைய ரிப்போர்ட்டுகளில் பிஎஸ்ஏ வரிசையாக 140, 6, 0.3 என்று இறங்கி, அப்புறம் 0.9, 2.4 என்று ஏறுவதாக வைத்துக்கொள்வோம். உடனே மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள். டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கச் சொல்லுங்கள். அது டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்கு மேல் இருந்தால் ஊசி தள்ளிப்போனதா, சரியாக ஏறவில்லையா என்று தேட வேண்டும். அதற்குக் கீழே இருந்தும் பிஎஸ்ஏ தொடர்ந்து ஏறினால், நோய் ஹார்மோன் தடையை மீறிவிட்டது என்று பொருள். அப்போதும் பழைய ஊசியை நிறுத்துவதில்லை. அபிராடெரோன், என்சாலுடமைடு போன்ற மருந்துகளை அதன் மேல் சேர்ப்பார்கள்.