பத்துமணிப் பூவா, பேபி சன் ரோஸா?

மொட்டை மாடித் தொட்டி முழுக்கப் படர்ந்து மண்ணை மறைக்க ஒரு சதைப்பற்றுச் செடி வேண்டும் என்றால், நர்சரியில் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான் காட்டுவார்கள்.

பத்துமணிப் பூ, அதாவது டேபிள் ரோஸ், தென் அமெரிக்கச் செடி. ஊசி போன்ற தடித்த இலை, ஒரு சாணுக்கு மேல் உயராது. மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, ராணி பிங்க் எனப் பல நிறங்களில் கிடைக்கும். ஆனால் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு வெளிறும், பூவே வராது. வெயில் ஏறும்போது விரியும் பூ பிற்பகலில் சுருங்கிவிடும். மாலையில் மாடிக்குப் போகிறவர்களுக்கு இது வீண்தான்! தண்டு முற்றிப் பூ குறைந்ததும் நுனியை 3 அங்குலம் கிள்ளி அதே தொட்டியில் ஊன்றுங்கள். எளிதில் வேர் பிடிக்கும்.

பேபி சன் ரோஸ் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. இதய வடிவ இலை பளபளக்கும், பூ சின்னது, இளஞ்சிவப்பு. இதற்கு இலைதான் அழகு. அரை நிழலையும் தாங்கும், தொங்கும் தொட்டியில் இரண்டடி வரை வழியும்.

இரண்டையும் கெடுப்பது தண்ணீர்தான். ஐப்பசி மழையில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்தாவிட்டால் தண்டு அழுகும். செம்மண்ணோடு ஆற்று மணல் தாராளமாகக் கலந்து, மேல்மண் காய்ந்தபின் ஊற்றினால் போதும்.

தெற்குப் பார்த்த மாடிக்கு யோசிக்காமல் பத்துமணி. பாதி வெயில் பால்கனிக்கு மற்றது.