வெஸ்ட் மெக்டொனல் தேசியப் பூங்கா: எல்லா மடுவையும் ஒரே நாளில் துரத்த வேண்டாம்

நடு ஆஸ்திரேலியாவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரிலிருந்து மேற்கே போகும் சாலை நெடுகக் கூடவே வரும் மலைத்தொடர்தான் இந்தப் பூங்கா. இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரேர்ன்ட்டே மக்களின் மொழியில் இதன் பெயர் ட்ஜோரிட்ஜா. ஆறும் ஓடையும் மலையை அறுத்த இடத்திலெல்லாம் ஓர் இடுக்கு, அதன் அடியில் ஒரு மடு. எல்லாம் ஒரே சாலையில் வரிசையாக இருப்பதால் டூர் பஸ்காரர்கள் மொத்தத்தையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்கிறார்கள். ஓர் இடத்துக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். செருப்பில் ஏறிய மணலைத் தட்டவே அது சரியாகப் போய்விடும்.

நாங்கள் அடிலெய்டிலிருந்து ஜூலையில், அதாவது அங்கே குளிர்காலத்தில், போனோம், மதுரையிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு. அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அம்மாவின் முட்டி கொடுத்தது.

ஆர்மிஸ்டன் கார்ஜுக்கு ஐந்துக்கு ஐந்து. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 135 கிலோமீட்டர், கடைசி வரை தார்ச்சாலை. கார் நிறுத்துமிடத்திலிருந்து மடுவுக்குச் சுமார் 500 மீட்டர்தான். அம்மா என் தோளைப் பிடிக்காமலே நடந்து வந்துவிட்டாள். எதிரே செங்குத்தான சிவப்புப் பாறை. அதில் மண்ணே இல்லாத இடத்தில், சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளை அடிமரத்தோடு கோஸ்ட் கம் மரங்கள் நிற்கின்றன. மடுவின் தென்கோடியில் ஆழம் 14 மீட்டர் வரை இருக்கும் என்கிறார்கள். அம்மா மணலில் துண்டை விரித்து உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டு முடித்து, எழுந்திருக்க மனமில்லாமல் அங்கேயே இருந்தாள். டூர் பஸ் ஒன்று வந்தது, போனது, அடுத்ததும் வந்தது.

நான் மேலே கோஸ்ட் கம் காட்சிமேடைக்கு ஏறினேன். படிகள் நிறைய, ஆனால் மடு முழுதும் காலடியில் தெரியும். கணவரும் மகனும் பவுண்ட் வாக் என்ற சுற்றுப்பாதையில் போனார்கள். எட்டரை கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். கடைசிப் பகுதி இடுக்கின் உள்ளேயே வருவதால் தண்ணீரில் இறங்கித்தான் கடக்க வேண்டியிருக்கலாம். இவர்கள் தொடை வரை நனைந்து பல் கிட்டித்துப் போய் வந்து சேர்ந்தார்கள். கிளம்பும் முன் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லரி க்ரீக் பிக் ஹோல், நான்கு. இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே அகலமான தண்ணீர், முன்னால் மணற்கரை. நீச்சலுக்குப் பேர்போன இடம். ஆனால் தண்ணீரின் பெரும்பகுதி பாறை நிழலிலேயே கிடப்பதால் வெயில் காலத்தில்கூடச் சில்லென்று இருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் உடம்பு விறைத்துத் திணறலாம். மிதவை ஏதாவது கையில் இருக்கட்டும். ஜூலையில் நான் கணுக்கால் வரை இறங்கினேன். போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்டாண்ட்லி காஸம் என்ற குறுகிய பாறைப் பிளவுக்கு இரண்டரை. மற்றவர்கள் கோபித்துக்கொள்ளலாம். உச்சிவெயில் நேராக உள்ளே விழும்போது 80 மீட்டர் உயரச் சுவர்கள் இரண்டும் செக்கச்செவேல் என்று ஆவது உண்மை. ஆனால் அந்த நேரத்துக்காகவே எல்லோரும் கூடிவிடுகிறார்கள், ஒருவர் படத்தில் இன்னொருவர் தலை. வழியெல்லாம் கல், அம்மா பாதியிலேயே திரும்பிவிட்டாள். இது அரேர்ன்ட்டே மக்களுக்குச் சொந்தமான தனி நிலம் என்பதால் கட்டணமும் தனி.

சிம்ப்சன்ஸ் கேப் ஊருக்கு மிக அருகில், 18 கிலோமீட்டர்தான். காலையிலோ மாலையிலோ போனால் பாறைச் சரிவில் ராக் வாலபிகள், அதாவது குட்டிக் கங்காரு இனம், தாவுவதைப் பார்க்கலாம். ஓக்கர் பிட்ஸில் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமாய்க் காவி மண் அடுக்குகள். சடங்குகளுக்கு அரேர்ன்ட்டே மக்கள் இன்றும் பயன்படுத்தும் மண், கிள்ளி எடுத்தால் அபராதம்.

க்ளென் ஹெலன் என்ற இடுக்கைத் தாண்டி ஃபின்க் ஆற்றைக் கடந்தோம். உலகின் மிகப் பழைய ஆறுகளில் ஒன்று என்று மகன் பெருமையாகச் சொன்னான். அம்மா எட்டிப் பார்த்தாள், ஒரே மணல். “இதுக்கு நம்ம வைகையே தேவலை, சித்திரைக்காவது தண்ணி விடுவாங்க” என்றாள். மாலையில் மவுண்ட் சோண்டர் நீலமும் ஊதாவுமாய் மாறியதை மட்டும் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். இந்தப் பக்கத்து ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவின் நீர்வண்ணப் படங்களில் அந்த ஊதாவைப் பார்த்து, கொஞ்சம் மிகைதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, அப்படியேதான் இருக்கிறது.

வெளி மாநிலத்தவர் பார்க்ஸ் பாஸ், அதாவது பூங்கா நுழைவுச் சீட்டு, வாங்க வேண்டும். 2023இல் வந்த ஏற்பாடு. பெரியவருக்கு ஒரு நாளுக்கு 10 டாலர், இரண்டு வாரத்துக்கு 30. ஊரிலேயே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள், உள்ளே பெரும்பாலும் சிக்னல் கிடையாது. குடிதண்ணீர், முகத்துக்கு ஈ வலை, விடியற்காலைக்கு ஸ்வெட்டர் மூன்றும் வேண்டும். ஜூலையில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியம் வரை இறங்கும். கோடையில் 40 டிகிரி, பெரியவர்களைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

அப்புறம், கார் வாடகை. எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு நாளுக்கு 100 கிலோமீட்டர்தான் இலவசம். ஆர்மிஸ்டன் போய் வரவே 270. இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டக்கூடாது, மண்சாலையில் இறங்கக்கூடாது என்ற விதிகளும் இருந்தன. ரெட்பேங்க் கார்ஜுக்குக் கடைசியில் மண்சாலை என்பதால் அதை விட்டுவிட்டோம். கையெழுத்துப் போடும் முன்பே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.