24 குழித் தட்டு: எட்டு ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரின் பயோபொலிஸ் ஆய்வு வளாகத்துப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் புரதங்களைப் படிகமாக்குவது என் பிழைப்பு. அந்தப் படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சித்தான் புரதத்தின் வடிவத்தை அறிகிறோம். எட்டு ஆண்டுகளாக நான் கைவிடாத கருவி, 24 குழிகள் கொண்ட சாதாரண பிளாஸ்டிக் தட்டு. குழிக்குள் அரை மில்லிலிட்டர் கரைசல். மேலே கவிழ்க்கும் கண்ணாடித் துண்டில் ஒரு மைக்ரோலிட்டர் புரதமும் ஒரு மைக்ரோலிட்டர் கரைசலும் கலந்த துளி. துளியின் நீர் மெல்ல ஆவியாகிக் குழிக்குள் போகும். புரதம் செறிந்துகொண்டே வரும். மனது வைத்தால் படிகமாகும்.

விளிம்பில் கிரீஸ் தடவிய தட்டுக்கு விலை கூடுதல். காசை மிச்சம்பிடிக்க முதல் இரண்டு ஆண்டுகள் நானே சிரிஞ்சில் அடைத்துப் பிதுக்கினேன். மயிரிழை இடைவெளி விட்டாலும் துளி வறண்டுவிடும். நுண்ணோக்கி முதல் கதவுக் கைப்பிடி வரை பிசுபிசுப்பு. இப்போது தடவியதையே வாங்குகிறோம்.

ரோபோ 100 நானோலிட்டர் துளிகளாக 96 கரைசல்களைச் சில நிமிடங்களில் சோதித்துவிடும். எந்தக் கரைசலில் படிகம் வரும் என்று தேட அதுதான் சரி. கிடைத்த படிகத்தைப் பெரிதாக்க மறுபடியும் பழைய தட்டுதான்.

சேர்ந்த புதிதில் பளபளவென்று ஒரு படிகம் வந்தது. "ஊசியால் குத்திப் பாருங்கள் தம்பி" என்றார் மூத்த அக்கா. நறுக்கென்று உடைந்தது: உப்பு! புரதப் படிகத்தில் பாதிக்கு நீர்தான். தொட்டாலே பொலபொலவென்று உதிரும். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்த துளி என்றால் இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.

படிகத்தை நைலான் வளையத்தில் அள்ளி, −196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைப்பதுதான் சிங்கப்பூரில் பெரும்பாடு. எம்ஆர்டி ரயிலை விட்டு வெளியே வந்தாலே மூக்குக்கண்ணாடி மங்கும் ஊர் இது. மூடியைச் சற்று நேரம் திறந்து வைத்தால் உள்ளே பனித்தூள் படியும். பிறகு எக்ஸ்ரே படத்தில் 3.9, 3.67, 3.44 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) இடங்களில் பனி வளையங்கள் தெரியும். தீவிர எக்ஸ்ரேக்காக மெல்பர்னுக்கு அனுப்பிய குளிர்க்கலனை ஒருமுறை கூரியர்காரர்கள் படுக்கவைத்துவிட்டார்கள். நைட்ரஜன் போய், நான்கு மாத உழைப்பும் போயிற்று.

2021இல், புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்பாஃபோல்டு பொதுவுக்கு வந்தபோது, "இனி உனக்கு வேலை இருக்குமா?" என்று வீட்டில் கேட்டார்கள். வேலை குறையவில்லை, வேகம் கூடியது. எக்ஸ்ரே தரவிலிருந்து வடிவத்தை எடுக்க ஒரு தொடக்க மாதிரி வேண்டும். முன்பு அதற்கே மாதக்கணக்காகும். இப்போது கணித்த மாதிரி பல நேரம் ஒரே பிற்பகலில் வழி காட்டிவிடுகிறது. ஆனால் மருந்து மூலக்கூறு எங்கே அமர்கிறது என்பதைத் தரவில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. எந்த வடிவமானாலும் கடைசியில் ராமச்சந்திரன் வரைபடத்தில் சரிபார்க்கிறோம்; புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் அந்த வரைபடம் 1963இல் சென்னையில் உருவானது. அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும்.

தட்டுகளை அவசரப்பட்டு எறியாதீர்கள். 18 டிகிரி அலமாரியில் மறந்துபோன ஒன்றில், ஏழு மாதம் கழித்து 2.1 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நுணுக்கமான தரவு தரும் படிகம் கிடைத்தது. தட்டில் எழுதிய தேதியை எத்தனால் அழித்துவிட்டது; ஏழு மாதம் என்பது என் குறிப்பேட்டுக் கணக்கு.