பர்மாவுக்குப் போன கடனும் சிங்கப்பூரிலிருந்து வரும் சம்பளமும்

எங்கள் கானாடுகாத்தான் வீட்டு பர்மா தேக்குத் தூணைத் தொடும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: வெளிநாட்டுக்குப் பணத்தை அனுப்புவதா, ஆளை அனுப்புவதா, எது குடும்பத்தைக் காக்கும்?

நகரத்தார், அதாவது செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார், பர்மாவில் வட்டிக்கு விட்டார்கள். 1930களில் நெல் விலை விழ, கடன் வாங்கியவரால் கட்ட முடியாமல் பணமெல்லாம் நிலமாகிப் போனது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்கள் கையில், 1937இல் 25 சதவீதம். பார்க்கப் பெரிய சொத்து, ஆனால் விற்று ஊருக்குக் கொண்டுவர முடியாத சொத்து, அப்புறம் 1942இல் ஜப்பான் படை, 1948இல் நில தேசியமயச் சட்டம்.

சிங்கப்பூர்ப் பையன் அனுப்பும் பணம் வேறு மாதிரி. இங்கே மழை பொய்த்தாலோ அப்பத்தாவுக்கு ஆபரேஷன் என்றாலோ அந்த மாதம் கூடுதலாக வரும், திருப்பிக் கட்டவும் வேண்டாம். நான் இந்தப் பக்கம்தான். ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் துபாய் என்று பிரிந்திருந்தால் இன்னும் நல்லது. 2020 மாதிரி எல்லா நாடும் சேர்ந்து படுத்தால்தான் சிக்கல்.