பிரெயின் வர்க்‌ஷொப்: காசில்லாத நினைவுப் பயிற்சி, எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

மீன் சந்தையில் ஒரு கிலோ விலையைக் கேட்டு, முக்கால் கிலோவுக்குக் கணக்குப் பார்த்து, கொடுத்த தாளுக்கு மிச்சம் எவ்வளவு என்று நினைப்பதற்குள் முதலில் சொன்ன விலை மறந்துபோகிறதா? கேட்டதைப் பிடித்துவைத்துக்கொண்டே அதை வைத்து வேலை செய்யும் இந்தத் திறனைத்தான் செயல் நினைவு என்கிறோம். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), மனச்சோர்வு, கவனக்குறைபாடு மூன்றிலுமே இது தளர்ந்துபோவதுண்டு. குணமாகி வரும்போதும் பலருக்கு இந்தத் தளர்ச்சி மிஞ்சிவிடும். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சோம்பல் என்று திட்டுவதுதான் பெரிய கொடுமை.

இதற்கென விற்கும் செயலிகளுக்கு டொலரில் சந்தா கட்ட வேண்டும். பிரெயின் வர்க்‌ஷொப் என்ற கணினி மென்பொருளுக்கு ஒரு சதமும் வேண்டாம். பழைய லேப்டொப்பிலும் ஓடும். ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு டேட்டாவும் தேவையில்லை. பென் டிரைவில் போட்டு மூதூருக்கோ சம்பூருக்கோ கொண்டுபோகலாம்.

திரையில் மூன்றுக்கு மூன்று கட்டம். 3 வினாடிக்கு ஒருமுறை ஒரு கட்டத்தில் சதுரம் தோன்றும், அதே நேரத்தில் ஓர் ஆங்கில எழுத்து ஒலிக்கும். இரண்டாம் நிலையில், இரண்டு தடவைக்கு முன் வந்த இடமே திரும்ப வந்தால் ‘ஏ’ விசை, அதே எழுத்து வந்தால் ‘எல்’ விசை. அந்த நிலையில் ஒரு சுற்றுக்கு 24 தடவை, ஒன்றேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 80 சதவீதம் எடுத்தால் நிலை ஏறும். 50க்குக் கீழே திரும்பத் திரும்ப விழுந்தால் இறங்கும்.

புதிதாகத் தொடங்குபவர் மனமுடைவது இந்தப் புள்ளிக் கணக்கில்தான். அழுத்தக் கூடாத இடத்தில் சரியாக அழுத்தாமல் விட்டதற்குப் புள்ளியே கிடையாது. வந்த ஆறு பொருத்தங்களில் நான்கைப் பிடித்து, இரண்டைத் தவறவிட்டு, இரண்டு தடவை வீணாக அழுத்தியவருக்கு எட்டில் நான்கு, அதாவது 50 என்று காட்டும். அவர் செய்தது மோசமில்லை. ஆனால் பள்ளிக்கூட மார்க்ஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பாதித் தோல்வி. முதல் நாளே இதை விளக்கிச் சொல்லாவிட்டால் அடுத்த நாள் ஆள் வரமாட்டார்.

பிழையின் வகையையும் கவனியுங்கள். வீண் அழுத்தம் அதிகமென்றால், ‘இப்பதானே வந்தது’ என்ற பரிச்சயத்தை நம்பி அழுத்துகிறார். ஒன்று முன்னால் வந்ததும் மூன்று முன்னால் வந்ததும் அவருக்கு ஒன்றாகவே படும். கடைசி இரண்டை மட்டும் வாய்க்குள் சொல்லி, புதியது வந்ததும் பழையதை விட்டுவிடச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தவறவிடுவது அதிகமென்றால் வேகம்தான் பிரச்சினை. அமைப்பில் 3 வினாடியை 4 ஆக்குங்கள்.

ஒலியில் எனக்குத் திருப்தியில்லை. சீ, டீ இரண்டும் ஒரே மாதிரி முடிகின்றன. எல், எஸ் இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. ஒலி ஒத்த எழுத்துகள் மனதில் ஒன்றையொன்று அழிக்கும். லேப்டொப்பின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் இன்னும் மோசம், ஹெட்போன் கட்டாயம். ஆங்கில எழுத்துப் பழக்கமில்லாத அம்மாமாருக்கு க, மா, நீ, லூ, சே, டை, ரோ, பௌ என்று எட்டு ஒலிகளைப் பதிவுசெய்து சேர்த்தால் நல்லது. மெய்யும் உயிரும் எட்டிலும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கேள்வி. இந்தப் பயிற்சி பொது அறிவுத்திறனையே கூட்டுகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு வந்து பெரும் பரபரப்பானது. பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவையும் வைத்துக் கவனமாகச் செய்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013, 2016 தொகுப்பாய்வுகளின்படி, பழகிய விளையாட்டிலும் அதை ஒத்த சோதனைகளிலும் முன்னேற்றம் வரும். வாசிப்புக்கோ கணக்குக்கோ அது போய்ச் சேருவதில்லை. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்கும் லூமோசிட்டி நிறுவனம் இப்படியான வாக்குறுதிகளுக்காக 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 இலட்சம் டொலர் கட்டியது. ஆகவே புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பிள்ளையை இதன் முன்னால் இருத்தாதீர்கள். அந்த நேரம் பிள்ளை நித்திரை கொள்ளட்டும்.

மனச்சிதைவில் நிலைமை கொஞ்சம் வேறு. பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இருந்து, உத்தி சொல்லிக்கொடுத்து, தொழில் பயிற்சி போன்ற மறுவாழ்வு வேலைகளோடு சேர்த்துச் செய்யும்போது அன்றாடச் செயலிலும் பலன் தெரிகிறது. ஆளைத் தனியே விட்டால் இந்த மென்பொருள் வெறும் விளையாட்டுத்தான். எனவே ஐந்தாறு சுற்று, பத்து நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டு, அடுத்த இருபது நிமிடத்தை நிஜ வேலைக்குக் கொடுங்கள். எழுதாமல் மூன்று சாமான் சொல்லிக் கடைக்கு அனுப்புங்கள். போகும் வழியில் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போகட்டும். மூன்று பிழையில்லாமல் வந்தால் அடுத்த வாரம் நான்கு, அதோடு மிச்சக் காசையும் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் கொப்பியில் எழுதிக் கொடுப்பதில் குறையொன்றுமில்லை, அதுவும் ஓர் உத்திதான்.

புள்ளி ஏறவே இல்லையென்றால் குளிசைகளைப் பாருங்கள். கை நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கொடுக்கும் பென்ஸ்ஹெக்சோல் நினைவை மங்கவைக்கும்; டயசபாம் வகைக் குளிசைகளும் அப்படித்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக் நாளில் வைத்தியரிடம், ‘இது இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா’ என்று கேளுங்கள். இரவுக் குளிசையின் மயக்கம் காலையில் இருந்தால் பயிற்சியைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள். கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கு இதைத் தொடங்கவே வேண்டாம். முதலில் சோர்வுக்கு வைத்தியம்.

காதில் குரல் கேட்கும் நாட்களில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, இடத்தை மட்டும் கேட்கும் நிலைக்கு மாற்றுங்கள். குரல்கள் கூடினாலோ நித்திரை குலைந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் நாள் தூரமாக இருந்தால் இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926.