குலைநோய்க்கு ட்ரைசைக்ளசோலா, தைலமா?

இரவு குளிர்ந்து, விடிந்த பிறகும் பனி இலையில் தங்கும் கார்த்திகை, மார்கழியில்தான் சம்பா நெல்லில் குலைநோய் தலைகாட்டும். இலையில் கண் வடிவப் புள்ளி, இரு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் பழுப்பு. பிபிடி 5204 நெல் ரகத்தை நட்டு யூரியாவையும் தாராளமாகப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். "ட்ரைசைக்ளசோல் என்ற ரசாயனப் பூஞ்சைக்கொல்லிக்குப் பதில் தைலம் அடிக்கலாமா?" என்று இப்போது பலரும் கேட்கிறார்கள்.

முதலில், தைலம் என்று இங்கே சொல்வது செடியிலிருந்து வடித்தெடுக்கும், ஆவியாகும் மண எண்ணெயை. வேப்பெண்ணெய் இந்த வகையில் சேராது. காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், வேப்பெண்ணெய்க் கறை அப்படியே நிற்கும். எலுமிச்சைப்புல் தைலம் மணத்தைப் பரப்பிவிட்டுக் காய்ந்துபோகும். அந்த ஆவியாகும் குணம்தான் அதன் பலம், பலவீனம் இரண்டும்.

குலைநோய்ப் பூஞ்சை இலைமேல் ஒரு குமிழை உண்டாக்கி, அதற்குள் கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 40 மடங்கு அழுத்தம் ஏற்றி இலையைத் துளைக்கிறது. குமிழின் சுவரில் மெலனின் என்ற கருநிறமி இல்லாவிட்டால் அந்த அழுத்தம் நிற்காது. ட்ரைசைக்ளசோல் தடுப்பது அந்த மெலனினைத்தான். பயிருக்குள் ஊடுருவி நின்று காக்கும். லிட்டருக்கு 0.6 கிராம், 200 லிட்டர் தண்ணீருக்கு 120 கிராம் போதும். குறை, அரிசியில் தங்கும் மருந்து எச்சம். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அரிசிக்கான எச்ச வரம்பைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைத்ததும் பாசுமதி ஏற்றுமதியாளர்கள் திண்டாடினார்கள்.

எலுமிச்சைப்புல்லின் சிட்ரால், கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால் ஆகியவை பூஞ்சையின் செல் சவ்வையே சிதைக்கின்றன. ஆய்வகத் தட்டில் பூஞ்சை வளராமல் நிற்பது உண்மை. ஆனால் அந்தத் தட்டுக்கு மூடி உண்டு, வயலுக்கு ஏது? வெயிலும் காற்றும் பட்டால் தைலம் நிற்காது. தண்ணீரோடு கலக்க, எண்ணெயைக் கரைக்கும் சோப்பு போன்ற குழம்பாக்கி வேண்டும். அளவு கூடினால் இலை கருகும். சரியாகக் கலக்காவிட்டால், மேலே மிதக்கும் எலுமிச்சைப்புல் தைலம் டேங்கின் கடைசித் தண்ணீரில் மொத்தமாக இறங்கி, ஒரே வரிசைப் பயிரைச் சுட்டுவிடும்.

கதிர் வெளிவரும்போது கழுத்துக் குலைநோய் வந்தால் மணி பிடிக்காமல் கதிர் வெளுத்துச் சாயும். அந்த நேரத்தில் தைலத்தை நான் நம்பமாட்டேன். ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்து நேர்த்தி செய்வதிலிருந்தே தொடங்க வேண்டும், யூரியாவையும் பிரித்துப் போட வேண்டும். வேப்பெண்ணெய் 3 சதவீதக் கரைசல் இலையுறை அழுகலுக்கு உதவும், குலைநோய்க்கு அதை மட்டும் நம்ப முடியாது.

தைலத்துக்கு உரிய இடம் மூடிய விதைக் கலன். அங்கே ஆவி வெளியே போகாது, பூசணத்தைத் தடுக்கும். அளவு மிஞ்சினால் முளைப்பும் கெடும் என்பதால், கொஞ்சம் விதையில் மட்டும் முதலில் செய்து பாருங்கள். அதில் 100 மணி எடுத்து ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். 80-க்குக் குறைவாக முளைத்தால் மீதி விதைக்கு அந்த அளவைப் போடாதீர்கள்.